எனக்கு ஆடி, உனக்கு ஸ்ராவணம்

அசோகபுரம், மைசூர்
12 ஜூன் 1995

அடியே சாமி,

உன் போன கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்பதா, தந்தி என்பதா? ‘நலம். இங்கே மழை ஆரம்பம். பிறகு எழுதுகிறேன்.’ இதற்கு ஒரு இன்லேண்டை வீணாக்கியிருக்கிறாய். பத்து வருஷம் ஒரே லைன் வீட்டில், ஒரே குழாயடியில் வாய் ஓயாமல் பேசியவள் நீ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்காரரோடு குண்டலுபேட்டை மாமியார் வீட்டுக்குப் போகும்போது நாக்கை இங்கேயே மறந்து வைத்துவிட்டாயா? தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் பார்சலில் அனுப்புகிறேன்.

இங்கே கெட்ட சேதியும் உண்டு, நல்ல சேதியும் உண்டு. கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இவருடைய ஃபாக்டரி லாக்-அவுட் இன்னும் முடியவில்லை. பொங்கலுக்கு மூடிய கேட் மூடியபடியே இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் இருக்கிற ஒரே ஸ்டவ்வைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார். அது இப்போது எரிவதே இல்லை.

போன வாரம் மேட்டூரிலிருந்து இவருடைய அண்ணன் வந்தார். “ஆவணி பொறந்ததும் குடும்பத்தோட ஊருக்கு வந்துருடா செந்திலு, சூளையில ஆள் இல்லாம கெடக்குது” என்றார். இவரும் தலையை ஆட்டிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. நம் பெண் தாரணி இப்போது பத்தாவது. பால்வாடியிலிருந்து கன்னடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டக்கூட வராது. பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அவள் படிப்பு அத்தோடு சரி. அப்புறம் அவளும் சூளையில் கல் அடுக்குவாள். நான் போக மாட்டேன் சாமி. சண்டை போட்டாவது இங்கேயேதான் இருப்பேன்.

இனி நல்ல சேதி. அக்ரஹாரத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு கடை காலியாகப் போகிறது. இதுவரை காபிக்கொட்டை அரைத்த கடை. மோட்டாருக்கு வேண்டிய லைன் இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. அங்கே கிரைண்டர் போடப் போகிறேன். அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொண்டுவந்தால் அரைத்துக் கொடுப்பேன், மாவாகவும் விற்பேன். ஒரு ஹோட்டல்காரர் தன் பழைய கிரைண்டரைத் தள்ளிவிடப் பார்க்கிறார். அதை இவரிடம் கொடுத்தால் ஓட வைத்துவிடுவார். ஸ்டவ்வாவது தப்பிக்கும்.

கடைக்குச் சொந்தக்காரர் கிருஷ்ணராஜ். உன் வீட்டுக்காரருக்குப் பழக்கமானவர்தானே? நஞ்சுண்டசாமி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் மனசு மாறுவதற்குள் கடை என் கைக்கு வந்துவிட வேண்டும்.

இன்னொன்று. நீ போனதிலிருந்து நம் லைனில் எவள் வீட்டு மாவும் பொங்குவதில்லை. இந்த ஊர்க் குளிருக்கு உன் கைதான் சரி. உப்புப் போட்டுக் கரைக்க நாலு வீட்டிலிருந்தும் உன்னைக் கூப்பிடுவோமே, நினைவிருக்கிறதா? இப்போது அவரவர் கரைத்து, காலையில் அவரவர் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

நீளமாக எழுது.

ஆண்டாள்

*

குண்டலுபேட்டை
19 ஜூன் 1995

ஆண்டாளுக்குச் சாமியாத்தாள் எழுதுவது.

உன் கடிதத்தைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து படித்தேன். ஸ்டவ் விஷயத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாமியார் உள்ளே இருந்து என்ன சிரிப்பு என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

உன் காரியம் முடிந்துவிட்டது. இவர் வெங்காய மண்டியிலிருந்து கிருஷ்ணராஜுக்குப் போன் செய்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். காபிக்கடைக்காரர் மாசக் கடைசியில்தான் காலி செய்கிறாராம். அதற்குள் ஆஷாடம் பிறந்துவிடும், ஆஷாடத்தில் யாருக்கும் சாவி கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றார் கிருஷ்ணராஜ். அமாவாசை கழிந்த மறுநாளே ஸ்ராவணத்து முதல் வெள்ளி, ஜூலை 28. அன்றைக்குக் காலையில் வந்து விளக்கேற்றிச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றே தொழிலும் ஆரம்பித்துவிட வேண்டுமாம். முதல் வெள்ளியில் கொடுத்த கடை இருட்டாகப் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். எஸ்.டி.டி. பூத் வைக்க ஒருவர் தினம் வந்து நச்சரிக்கிறாராம். அன்றைக்கு நீ வரவில்லையென்றால் கடை அவருக்குப் போய்விடும். உன்னைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. நீ வருவாய் என்று நாங்களே வாக்குக் கொடுத்துவிட்டோம்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீளமாக எழுது என்றாய். இங்கே என்ன இருக்கிறது எழுத? மஞ்சள் நட்டார்கள். முதல் கிழங்கை வீட்டு மருமகள் ஊன்றுவது வழக்கம். என் ஓரகத்தி ஊன்றினாள். நான் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். வெயில் அதிகம்.

தாரணியை நன்றாகப் படிக்கச் சொல்.

சாமியாத்தாள்

*

மைசூர்
24 ஜூன் 1995

சாமி,

சந்தோஷமா? கேட்காதே. நீ தமிழச்சிதானா, இல்லை முழுசாகக் கன்னடத்துக்காரியாகவே ஆகிவிட்டாயா?

ஜூலை 28 எனக்கு என்ன மாசம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாயா? ஆடி! நட்ட நடு ஆடி! உங்கள் ஆஷாடம் அமாவாசையோடு முடிந்துவிடும். எங்கள் ஆடி ஆகஸ்ட் பாதி வரைக்கும் போகும். இந்த வருஷம் இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கிருஷ்ணராஜுக்கு ஆகாத நாள் முடிவதற்குள் எனக்கு ஆகாத நாள் ஆரம்பித்துவிடுகிறது. ஆடியில் யாராவது கடை திறப்பார்களா?

என் மாமியாரிடம் சேதியைச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வைத்துவிட்டார்கள். “ஆடியிலயா? செந்திலோட அப்பா ஆடியிலதான் என்னையக் கூட்டிக்கிட்டு இந்த ஊருல கால வச்சாரு. கட்டடத்துல வேலை இருக்குது, ஆவணி வரைக்கும் மேஸ்திரி காத்திருக்க மாட்டாருன்னாரு. மறு ஆடிக்கு அந்தக் கட்டடத்துச் சாரத்துல இருந்தே விழுந்து போயிட்டாரு. செந்திலு அப்ப நடக்கக்கூட இல்ல. எம் மவன் குடும்பத்துல இன்னொருக்கா ஆடியில எதையும் தொடங்க நான் உடமாட்டேன்.” இத்தனை வருஷம் அத்தை இதைச் சொன்னதே இல்லை. இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? இவர் ஒரே வார்த்தையில், அம்மா சொன்னால் சரிதான் என்றுவிட்டார்.

கிருஷ்ணராஜிடம் நானே போனேன். ஆவணி முதல் தேதி வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். “ஆஷாட முகியுத்தல்லம்மா, இன்னேனு?” என்று சிரிக்கிறார். ஆஷாடம்தான் முடிந்துவிடுகிறதே, இன்னும் என்ன தயக்கம் என்று. நான் பேசிக்கொண்டு நிற்கும்போதே அந்த பூத்துக்காரன் டேப்பை வைத்துச் சுவரை அளக்கிறான்.

நீ வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் நானே நேரில் பேசி வேறு நாள் கேட்டிருப்பேன். இப்போது கிருஷ்ணராஜ் அதை உன் வீட்டுக்காரர் கொடுத்த வாக்கு என்கிறார். உனக்கென்ன, பிள்ளை குட்டி என்று ஒரு கவலை உண்டா? பெண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறவள் வயிற்றெரிச்சல் உனக்கு எப்படித் தெரியும்?

ஆண்டாள்

*

மைசூர்
4 ஜூலை 1995

சாமி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வராது என்று எனக்கும் தெரியும்.

அந்தக் கடைசி வரியை எழுதினேன், ஒட்டினேன், பெட்டியில் போட்டேன். திரும்பி வீட்டுக்கு நடக்கும்போதுதான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது. ஓடிப்போய்த் தபால் பெட்டி முன்னால் நின்றேன். தபால்காரர் வந்தால் கெஞ்சி வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். அவர் வந்தார், எடுத்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க ரூல் இல்லை என்றார். என் வாயில் மண்ணைப் போட வேண்டும். நீ எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பாதி நாள் கூட வந்தவள் நான்தானே. தாரணிக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்து வேப்பிலையால் வருடிக்கொடுத்தவள் நீ. அந்தக் கையைப் பார்த்து நான் இதைச் சொன்னேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

கடையை நான் விடவில்லை. அக்ரஹாரத்தில் வீடு வீடாக ஏறி, மாவு அரைத்துத் தந்தால் வருவீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஹோட்டல்காரரின் கிரைண்டரும் வந்துவிட்டது. இவர் ஸ்டவ்வை விட்டுவிட்டு அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கல்லைக் கொத்தி, பெல்ட்டை மாற்றி, கறுப்புக் கையோடு சாப்பிட உட்காருகிறார். ஆறு மாசத்துக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கும்படி இருக்கிறது. ஆனால் அம்மா பேச்சை மட்டும் மீற மாட்டேன் என்கிறார். எல்லாம் இருக்கிறது, நாள் ஒன்றுதான் இல்லை.

திட்டியாவது எழுது.

உன் ஆண்டாள்

*

குண்டலுபேட்டை
9 ஜூலை 1995

ஆண்டாளுக்கு,

உன் இரண்டு கடிதமும் கையில் இருக்கின்றன. முதல் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இனி உனக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். ஊரே சொல்லட்டும், ஆண்டாள் சொல்லலாமா என்று அழுதேன். இரண்டாவது கடிதம் வந்த பிறகும் கோபம் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் தபால் பெட்டி முன்னால் நீ நின்றதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தபால்காரர் பாவம்.

ஆடியை மறந்தது என் தப்புத்தான். இங்கே வந்த முதல் வருஷம் இரண்டையும் பார்த்தேன். ஆஷாடம் என்று இவர்கள் நிறுத்தியதையும் நிறுத்தினேன், ஆடி என்று என் மனசுக்குப் பட்டதையும் நிறுத்தினேன். மாமியார் கேட்டார்கள், “ஸ்ராவண பந்த்மேலே நினகேனு ஆடி?” என்று. ஸ்ராவணம் வந்த பிறகு உனக்கென்ன ஆடி என்கிறார்கள். அதுவும் சரிதானே, இந்த வீட்டு விளக்குத்தானே நான் ஏற்றுகிறேன். அப்புறம் விட்டுவிட்டேன். எனக்கு இப்போது 28ஆம் தேதி ஸ்ராவணம் பிறக்கிறது, அவ்வளவுதான். உன் ஆடி என் மண்டையில் ஏறவே இல்லை.

நீளமாக எழுதவில்லை என்று திட்டினாயே. எழுதாத விஷயத்தை இப்போது எழுதுகிறேன். மஞ்சள் நட்ட அன்று நான் தலை தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். மூத்த மருமகள் நான்தான். மாமியார் என் கையைப் பார்த்தார்கள். அப்புறம் ஓரகத்தியிடம் கிழங்கைக் கொடுத்தார்கள். என்னிடம், “நீ ஹோகி நீரு தகொண்டு பா” என்றார்கள். போய்த் தண்ணீர் கொண்டுவா என்று. கெட்ட வார்த்தை ஒன்று இல்லை. இந்த வீட்டில் எதையும் முதலில் தொட என் கை ஆகாது. தொட்டில் ஆட்டாத கை. இரண்டு வருஷமாக இதுதான். அதனால்தான் கடிதம் சிறுத்துப் போனது.

நீயும் அதையே எழுதியதும் தாங்க முடியவில்லை.

சரி, போகட்டும். மன்னித்துவிட்டேன். கடையை விட்டுவிடாதே.

சாமியாத்தாள்

*

மைசூர்
14 ஜூலை 1995

சாமி, என் சாமி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் மறுபடியும் படித்தேன். ‘எனக்கு 28ஆம் தேதி ஸ்ராவணம் பிறக்கிறது’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

எனக்குத்தானே ஆடி. உனக்கு இல்லையே!

நீ வா. நீ சாவியை வாங்கு. நீ விளக்கேற்று. நீ ஆரம்பி. தொடங்குவது நீயாக இருந்தால், அது உன் மாசத்தில் தொடங்கிய கடை. நான் அதில் கூடமாட நிற்கிறவள். எவள் நாளில் எவள் குறுக்கே வருவது?

இதை வீட்டில் சொன்னேன். இவர் சிரித்தார். “நல்லா இருக்குதே, சாமிகிட்டயே டபாய்க்கறீங்களா?” என்றார். அத்தை சிரிக்கவில்லை. என்னைக் கேட்டார்கள்.

“அந்தப் பொண்ணு வூட்டுல ஆடியே பாக்கறதில்லையா?”

“இல்லைங்கத்தை. அவங்களுக்கு அமாவாசையோட எல்லாம் சரியாயிடும்.”

“அப்ப அவ தொடங்கலாம். ஆனா டபாய்க்கற வேலை வேணாம். பேருக்கு அவளைக் கொண்டாந்து நிறுத்திட்டு, மறுநாளு நீ மொதலாளின்னு உக்காந்தா அது ஆடியில நீ தொடங்கினதுதான். கடை நெசமாவே அவளுதா இருக்கோணும். பாதியாச்சும் அவளுது. அதுக்கு நீ சம்மதிச்சா நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

சம்மதமா என்று என்னைக் கேட்கிறார்கள் பார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை சாமி. பாதி உன்னுடையது. போர்டில் உன் பேர். உழைப்பிலும் பாதி, லாபத்திலும் பாதி. நீ வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வந்தால் போதும், மற்ற நாளை நான் பார்த்துக்கொள்கிறேன். இது உதவி என்று நினைக்காதே. எனக்கு நீ வேண்டும், கடைக்கும் நீ வேண்டும். இங்கே சாமுண்டி மலைக்கு ஆஷாட வெள்ளி என்று ஊரே வரிசையில் நிற்கிறது. நானும் போய் நின்று உன் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நல்ல பதிலாக எழுது.

ஆண்டாள்

*

குண்டலுபேட்டை
19 ஜூலை 1995

ஆண்டாளுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. வருகிறேன் என்று ஒரு தடவை எழுதினேன், கிழித்தேன். வரவில்லை என்று எழுதினேன், அதையும் கிழித்தேன்.

நீ நினைப்பதுபோல இது சுலபமில்லை. ஸ்ராவணத்து முதல் வெள்ளி இந்த வீட்டில் பூஜை. மருமகள் வாசலைத் தாண்டினால் பேச்சு வரும். இங்கே வந்த பிறகு நான் தனியாகப் பஸ் ஏறியதே இல்லை. மருந்து வாங்கக்கூட யாராவது கூட வருவார்கள். அதைக்கூடச் சமாளித்துவிடுவேன் என்று வை.

நான் பயப்படுவது வேறு. என் கையால் தொடங்கி, கடை ஓடாமல் போனால்? மாவு பொங்காமல் புளித்து நாறினால்? நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். உன் மாமியார் அஞ்சலை அம்மா சொல்ல மாட்டார்களா? செந்தில் அண்ணனோடு நீ மேட்டூருக்குப் போக வேண்டி வந்தால், தாரணி சூளையில் நின்றால், அதற்கும் இந்தக் கைதான் காரணம் என்று நானே நினைத்துக்கொண்டு சாக வேண்டியதுதான். இங்கே ஒரு மஞ்சள் கிழங்கைக்கூட நம்பிக் கொடுக்காத கையை, நீ உன் பெண்ணின் படிப்பையே கொடுத்துக் கூப்பிடுகிறாய்.

அஞ்சலை அம்மாவிடம் நேராகக் கேள். என் நாள் சரியா என்று கேட்காதே. என் கை சரியா என்று கேள். மறைக்காமல் எழுது.

சாமியாத்தாள்

*

மைசூர்
22 ஜூலை 1995

சாமி,

கேட்டேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். நடுவில் நான் ஒரு வார்த்தையும் போடவில்லை.

“நான் தாலியறுத்தவ. இருபத்தஞ்சு வயசுல இருந்து ஒரு நல்லது கெட்டதுல மொதல்ல கை வைக்க என்னைய உட்டது கெடையாது. எம் மவன் கல்யாணத்துல நான் பின்னால சுவத்தோரம் நின்னேன். அந்தக் கை சரியா இந்தக் கை சரியான்னு நானா சொல்லப் போறேன்? நம்ம லைன்ல அவ கரைச்ச மாவு ஒரு நாளாச்சும் பொங்காம இருந்துச்சா? மார்கழிக் குளிர்லகூடத் தூக்கு மூடியத் தள்ளிக்கிட்டு வரும். வரச் சொல்லு அவளை. கடை ஓடலைன்னா கல்லு சரியில்ல, கரண்டு சரியில்லன்னு சொல்லிக்கறேன். அவ கையச் சொல்ல மாட்டேன்.”

போதுமா?

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறு. நான் அக்ரஹாரத்துக் கோயில் வாசலில் நிற்பேன். அரிசியும் உளுந்தும் முந்தின நாளே ஊறப் போட்டிருப்பேன். உப்பை மட்டும் நீ கொண்டுவா, உன் வீட்டு உப்பு.

நீ வரவில்லையென்றாலும் நான் மேட்டூருக்குப் போகப் போவதில்லை. வேறு எங்காவது ஒரு மூலையில் ஒரு கல்லைப் போட்டு அரைப்பேன். அதனால் என் குடும்பத்துப் பாரத்தை நீ தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பயத்தில் வராதே, வேண்டுமென்று தோன்றினால் வா.

ஆனால் வா.

ஆண்டாள்

*

மைசூர்
30 ஜூலை 1995

பார்ட்னர் அம்மா அவர்களுக்கு,

நீ ஏறிய பஸ் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். கிருஷ்ணராஜ் இன்னும் அங்கேயே உட்கார்ந்து கிரைண்டர் சுற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நம் செந்தில்நாதன் அவருக்குப் பெல்ட்டைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். ஃபாக்டரி போனதிலிருந்து இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நீ கேட்க ஆசைப்படுவது எதுவென்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். நீ கரைத்து வைத்த மாவை மூடி, மேலே கோணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். ராத்திரி ஒரே காற்று, சில்லென்று தூறல். இவர் புரண்டு புரண்டு படுத்தார். நானும்தான். சனிக்கிழமை விடிந்ததும் கடையைத் திறந்தால், முதலில் கண்ணில் பட்டது தரையில் வெள்ளையாக ஒரு கோடு. என்னவோ கவிழ்ந்துவிட்டது என்று பதறிப்போனேன். கவிழவில்லை சாமி. டிரம்மின் மூடியைத் தள்ளிவிட்டு, கோணியையும் நனைத்துக்கொண்டு, மாவு வெளியே வந்து நிற்கிறது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று இவரைக் கேள்.

ஏழு மணிக்குள் மாவு தீர்ந்துவிட்டது. பின்தெரு மாமி ஒருத்தி, “நேத்தைக்கு வந்தாளே அந்தப் பொண்ணு, அவ கரைச்சதுன்னா எனக்கு ஞாயித்துக்கிழமைக்கும் வேணும்” என்று அப்போதே சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்தான் கரைத்தேன். சுமாராகத்தான் பொங்கியது. அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அத்தை இன்னும் கடைக்குள் கால் வைக்கவில்லை. ஆவணி பிறக்கட்டும் என்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு, “நான் சொன்னனே” என்று முறத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்கவே விடவில்லை நீ. போன பிறகு என்ன நடந்தது? எழுது.

ஆண்டாள்

*

குண்டலுபேட்டை
2 ஆகஸ்ட் 1995

ஆண்டாளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்த வெள்ளைக் கோட்டை நானும் பார்த்ததுபோல இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமியாரிடம் போய், நாளைக்கு மைசூருக்குப் போகிறேன் என்றேன். “யாரன்ன கேளிதே?” என்றார்கள். யாரைக் கேட்டாய் என்று. “கேளில்லா அத்தே, ஹேள்தாயிதீனி” என்றேன். கேட்கவில்லை அத்தை, சொல்கிறேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். பூஜை வேலையை யார் பார்ப்பது என்றார்கள். விடிவதற்குள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவேன் என்றேன். அப்படியே செய்தேன்.

இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பஸ் வந்ததும் முண்டியடித்துப் போய் ஜன்னலோர சீட்டில் தன் துண்டைப் போட்டார். “கூத்கோ” என்றார். உட்கார் என்று. அவ்வளவுதான் அவருடைய பேச்சு. எனக்கு அதுவே அதிகம்.

திரும்பி வந்தபோது மாமியார் முகம் கொடுக்கவில்லை. இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். இந்த வெள்ளி வரமகாலக்ஷ்மி பூஜை, வர முடியாது. அதற்கடுத்த வெள்ளியிலிருந்து வாரா வாரம் வருவேன் என்று அதையும் சொல்லிவிட்டேன்.

கடை பூட்டும் முன்னால் கல்லைக் கழுவி ஈரம் துடைக்கச் சொல். நீ அவசரக்காரி, அப்படியே விட்டுவிடுவாய்.

சாமியாத்தாள்

*

மைசூர்
17 ஆகஸ்ட் 1995

சாமி,

எனக்கும் ஆவணி பிறந்துவிட்டது.

இன்று காலையில் அத்தை குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு என்னோடு நடந்தே வந்தார்கள். கடை வாசலில் நின்று போர்டைப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாது, தாரணிதான் படித்துக் காட்டினாள். ‘சாமியாத்தாள் ஹிட்டின அங்கடி’, மாவுக் கடை. அத்தை சுவரோரமாக ஒதுங்கி நிற்கப் போனார்கள். நான் கையைப் பிடித்து டிரம்முக்கு முன்னால் கொண்டுவந்து, உப்பைக் கையில் கொடுத்தேன். “என்னடி இது” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அப்புறம் கையை விட்டுக் கரைத்தார்கள். நாளைக்குப் பொங்குகிறதா பார்க்கலாம். நாளைக்கு நீயும் இங்கேதானே இருப்பாய்.

மேட்டூருக்கு இவரே கடிதம் எழுதிவிட்டார். எனக்குப் படித்துக் காட்டினார். ‘அண்ணாவுக்கு, நாங்கள் வருவதாக இல்லை. இங்கே கிரைண்டர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது.’ அந்த ஆள் நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறார். ஃபாக்டரி திறந்தால் திறக்கட்டும், திறக்காவிட்டால் போகட்டும் என்கிறார். தாரணி பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று. அவள் கடையில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள், கிரைண்டர் சத்தத்தில் தூக்கம் வராதாம்.

உன் மாமியார் இப்போதாவது பேசினார்களா?

ஆண்டாள்

*

குண்டலுபேட்டை
21 ஆகஸ்ட் 1995

ஆண்டாளுக்கு,

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம், உன்னோடு நாலு வார்த்தை பேசக்கூட முடியவில்லை. அஞ்சலை அம்மா கரைத்த மாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நன்றாகத்தான் பொங்கியிருந்தது.

இப்போது எழுத வந்தது வேறு. நேற்று மேட்டு நிலத்தில் கொள்ளு விதைப்பு. எல்லோரும் காபி குடித்துவிட்டு வரட்டும் என்று மாமியார் வீட்டில் இருந்தார்கள். முதல் பிடி வீச ஓரகத்திக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னாலேயே நடந்துவிட்டேன். உழுத மண் ஈரமில்லாமல் கிடந்தது. கிழக்குப் பார்த்து நின்று, ஒரு பிடி எடுத்து வீசினேன். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்தேன். அப்புறம் அங்கேயே நின்றேன். ஒளிய வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர்கள் வந்தார்கள். மண்ணில் விதை கிடப்பதை மாமியார் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். என் ஓரகத்தி பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள். நான் நகரவில்லை. மாமியார் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மளே பந்த்ரே நோடோணா” என்றார்கள். மழை வந்தால் பார்க்கலாம். அதை மட்டும் சொல்லிவிட்டு, கூடையை என் இடுப்பிலிருந்து வாங்காமலே நடந்தார்கள். மீதி நிலத்திலும் நான்தான் விதைத்தேன்.

மழை இன்னும் வரவில்லை. வானம் வெள்ளையாகக் கிடக்கிறது. வரும் வெள்ளிக்கு உளுந்தைக் கொஞ்சம் அதிகமாக ஊறப் போடு. கொள்ளு முளைத்தால் எழுதுகிறேன். முளைக்காவிட்டால் மறுபடியும் விதைப்போம். அதற்கும் முதல் பிடி நான்தான் போடுவேன்.

சாமியாத்தாள்